சீட்டு வராத பெயர்

பந்து இன்னும் நடுக்கோட்டைத் தாண்டவில்லை, கிளீட்டஸின் வாய் அதற்குள் தாண்டவைத்துவிட்டது. "இதோ, கடல் நட்சத்திரம் அணியின் ஏழாம் நம்பர் ஆட்டக்காரர் பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு வருகிறார், இதோ ஒருவரை ஏமாற்றுகிறார், இதோ இன்னொருவரை" என்று தென்னைகளில் கட்டிய நான்கு குழாயும் அலற, அந்த ஏழாம் நம்பர் ஒருவரையும் ஏமாற்றாமல் பந்தைப் பின்னால் தள்ளிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றான். யாருக்கும் அதில் குறையில்லை. கண் ஒரு ஆட்டத்தைப் பார்க்கும், காது வேறொரு ஆட்டத்தைக் கேட்கும், வீட்டுக்குப் போனபின் காதில் விழுந்ததுதான் நிற்கும் என்பது முப்பது வருஷத்துக்கும் மேலாக மைக் பிடிக்கிற கிளீட்டஸுக்குத் தெரியாததா. வாய் ஒரு பக்கம் ஓடும், மனசு மகள் வீட்டுக்கும் மீன் விலைக்கும் வயிற்றெரிச்சல் மாத்திரைக்கும் போய்விட்டு வரும். இன்று மனசு எங்கேயும் போகமாட்டேன் என்று ஒரே இடத்தில் கிடந்தது. இடைவேளைக்கு இன்னும் முப்பத்திரண்டு நிமிஷம். இடைவேளையில் றொமால்டு வருகிறான். போட்டி நடத்துகிற கமிட்டியின் செக்ரட்டரி ஜெஸ்துஸ் காலையிலேயே வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தி, இறங்காமலே சொல்லிவிட்டான்: "றொமால்டு அண்ணனுக்குப் பொன்னாட போடுகோம் அண்ணே. நீங்கதான் ரெண்டு வார்த்த சொல்லணும். ஒங்கள விட்டா ஆரு இருக்கா சொல்லதுக்கு?" அவன் வரமாட்டானே என்று கேட்டதற்கு, "வாறேன்னு சொல்லியாச்சு, வண்டியும் அனுப்பியாச்சு" என்றான். இருபத்தெட்டு வருஷமாக அவன் கிழக்கே வந்தால் இவர் மேற்கே போனார், அவன் இருக்கிற கல்யாணத்தில் இவர் பந்திக்கு உட்காரவில்லை. இன்றைக்கு மேசையைவிட்டு எழுந்துபோக வழியில்லை.

மைக்கின் கம்பி வலையில் பழைய எச்சில் வாடை. கடல் காற்று உப்பை அள்ளிவந்து உதட்டில் பூசியது. எதிரே கோல் கம்பத்துக்குப் பின்னால் கட்டியிருந்த பிளெக்ஸில் இருபத்தொரு வயது றொமால்டு நின்றான். பழைய டீம் போட்டோவிலிருந்து வெட்டிப் பெரிதாக்கியதில் முகம் கலங்கி, கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்புப் புள்ளி. பக்கத்தில் யாரோ கம்ப்யூட்டரில் ஒரு புலியையும் சேர்த்திருந்தார்கள். கீழே "அடிபட்ட புலி" என்று மஞ்சள் எழுத்து. அந்த இரண்டு வார்த்தையும் கிளீட்டஸ் சொன்னதுதான். அன்றைக்கு இதே மேசையில், இதே மாதிரி மனசு எங்கேயோ இருக்கும்போது வாயில் வந்தது. ஊர் அதை எடுத்து வைத்துக்கொண்டது, இவருடையது என்பதையும் மறந்துவிட்டது. இப்போது சின்னப் பிள்ளைகள் கடற்கரையில் விளையாடும்போது முட்டில் சும்மா ஒரு துணியைக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி ஓடி, கோல் போட்டுவிட்டு, முட்டைப் பிடித்துக்கொண்டு விழுகிறார்கள். விழுவது அந்த விளையாட்டில் சேர்த்தி. முதலில் பார்த்தபோது கிளீட்டஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு மனுஷனின் முட்டு போனதை இப்படி ஆசை ஆசையாக விளையாடுவார்களா என்று நினைத்தார். பிறகு தெரிந்தது, பிள்ளைகள் மட்டுமில்லை, ஊரே அதைத்தான் விளையாடிக்கொண்டிருக்கிறது.

கூடாரத்துக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஐஸ் பிளான்ட் சூசை ஆரம்பித்திருந்தார். ஒவ்வொரு வருஷமும் ஆரம்பிப்பார். "நான் இந்தா, இந்த எடத்துல நிக்கேன். முட்டு வீங்கித் தேங்கா மாதிரி இருக்கு. லாசர் சார் வேண்டாம்னு சொல்லியாரு. அவன் கேக்கணுமே! என்ன எறக்குங்க சார், நம்ம ஊரு தோக்கப்பிடாதுன்னு அழுதான் மக்கா, அழுதான். பொறவு எறங்குனாம் பாரு. பதினோரு நிமிசம். நாப்பது கெஜத்துலேந்து ஒரு அடி, வலையே கிழிஞ்சிட்டு." சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் அந்த வருஷம் பிறந்திருக்கவில்லை. கிளீட்டஸுக்கு முதுகு எரிந்தது. கோல் அடித்தது பன்னிரண்டு அடியிலிருந்து. போன தடவை முப்பத்தைந்து கெஜம், இந்தத் தடவை நாற்பது, இன்னும் பத்து வருஷம் போனால் சூசை அவனைக் கடலுக்குள் நிறுத்தி அடிக்கவைப்பார். ஆனால் எரிந்தது அதனால் இல்லை. சூசை அன்றைக்கு அந்த இடத்தில் நிற்கவே இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேற்கு வேலியின் இடைவெளி வழியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தச் சைக்கிளின் கேரியரில் கட்டியிருந்த பச்சை ரப்பர் டியூப்கூட கிளீட்டஸுக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தச் சைக்கிளைப் பார்த்த பிறகுதான் எல்லாம் நடந்தது. "பந்து வெளியே போகிறது, எறிபந்து, கடல் நட்சத்திரம் அணிக்கு எறிபந்து" என்று குழாய் சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர் வாய் அழுதான் என்றது, கெஞ்சினான் என்றது, ஊர்மானம் என்றது. கிளீட்டஸ் ஒருநாளும் மறுத்ததில்லை. மறுக்காமல் இருந்தது எவ்வளவு சௌகரியம். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பதெல்லாம் பொய். புளுகைத் தான் சொல்லாமல் ஊரைச் சொல்லவிட்டால் இருபத்தெட்டு வருஷம் நிற்கும்.

அன்றைக்கு எழுபத்தெட்டாம் நிமிஷம். மலையாளக் கரையிலிருந்து வந்த டீம் ஒரு கோல் முன்னால். நம் பையன்கள் காலில் ஈயத்தைக் கட்டியமாதிரி ஓடினார்கள். கூட்டம் கலைய ஆரம்பித்தது. கூட்டம் கலைவதை மைக்காரன் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவனவன் துண்டை உதறித் தோளில் போடுகிறான், பெண்கள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைக்கிறார்கள், சூசை சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டுகிறார், நாம் இங்கே நெஞ்சு வலிக்கக் கத்திக்கொண்டிருக்கிறோம், ஒருத்தன் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது வயது கிளீட்டஸ் அப்போது. ஊரில் நல்ல குரல் என்று பேர். மேசையிலிருந்து பத்தடி தள்ளி பெஞ்சில் றொமால்டு உட்கார்ந்திருந்தான். மூன்று நாள் முன்னால் அரையிறுதியில் இடது முட்டு திருகிக்கொண்டது, டாக்டர் மூன்று வாரம் காலை ஊன்றக் கூடாது என்றுவிட்டார், இறுதியாட்டத்தில் போட்டோ எடுப்பார்களே, அதற்காகப் பயிற்சியாளர் லாசர் சார் அவனுக்கு ஜெர்சியை மாட்டி உட்காரவைத்திருந்தார். காலில் ரப்பர் செருப்பு. சட்டைப்பையில் கல்கத்தா கால்பந்து கிளப்பிலிருந்து வந்த கடிதம் என்று ஊருக்கே தெரியும், அடுத்த மாதம் புறப்படவேண்டும். மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. ஆள் மாற்றுவதாக இருந்தால் பயிற்சியாளர் ஒரு துண்டுத்தாளில் நம்பரும் பெயரும் எழுதி அனுப்பவேண்டும். அந்தச் சீட்டு கையில் வந்தபிறகுதான் மைக்காரன் பெயரைச் சொல்லவேண்டும். சீட்டு வரவில்லை. லாசர் சாரின் பேனா அவர் பையிலேயே இருந்தது. கிளீட்டஸ் சூசையின் சைக்கிளைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், றொமால்டு தலையாட்டினான், வாய் திறந்துவிட்டது: "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே, எங்கே போகிறீர்கள், இதோ, ஒன்பதாம் நம்பர், நம் ஊரின் தங்கம், அடிபட்ட புலி, றொ…மால்டு!" வேலி இடைவெளியில் போய்க்கொண்டிருந்த அத்தனை முதுகும் முகமாகத் திரும்பியது. அந்தச் சந்தோஷத்தை எப்படி இல்லையென்று சொல்வது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஐயாயிரம் பேர் அந்தப் பெயரைத் திருப்பிக் கூப்பிட்டார்கள்.

றொமால்டு தலையாட்டினான். அதை இன்னொருமுறை பார்க்கவேண்டும். தலையாட்டினானா? இவர் பெஞ்சைப் பார்த்தபோது அவன் முகம் தெரிந்தது, நெற்றியில் முடி ஒட்டியிருந்தது, தாடை மேலும் கீழும் ஒருதரம் அசைந்தது. அசைந்தது என்று முதல் வருஷம் நிச்சயமாக இருந்தது. அந்த அசைவை எடுத்து எடுத்துப் பார்த்துப் பத்து வருஷத்தில் அது பழைய நோட்டுமாதிரி நைந்துபோனது. நெற்றியில் ஒட்டிய முடி பிளெக்ஸ் போட்டோவில் இருக்கிற முடிதானோ? பிறகு பெயரைச் சொன்னதற்கு முன்னாலா அந்தத் தலையாட்டல், பின்னாலா? முன்னால் என்றால் அவன் கேட்டான், இவர் சொன்னார், பாவம் ஆளுக்குப் பாதி. பின்னால் என்றால்? ஐயாயிரம் பேர் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது இருபத்தொரு வயதுப் பையன் தலையாட்டாமல் என்ன செய்வான், செருப்பைக் கழற்றாமல் என்ன செய்வான். அவன் செருப்பைக் கழற்றியது மட்டும் தெளிவாக இருக்கிறது. பெஞ்சின் கம்பியைப் பிடித்துக் குனிந்து, வலது கால் செருப்பை முதலில், இடது கால் செருப்பைப் பிறகு. லாசர் சார் திரும்பி மேசையைப் பார்த்த பார்வையும் தெளிவாக இருக்கிறது. திட்டவில்லை. அந்தக் கூச்சலில் திட்டினாலும் கேட்டிருக்காது. "ரெண்டு நிமிசம் நின்னுட்டு வா" என்று அவனிடம் சொன்னார். பதினோரு நிமிஷம் நின்றான். ஏழாவது நிமிஷத்தில் கோல். பதினோராவது நிமிஷத்தில் ஒரு சாதாரணப் பந்துக்கு எம்பி இறங்கும்போது முட்டுக்குள் ஜவ்வு கிழிந்த சத்தம் கேட்டது என்று பக்கத்தில் நின்ற எதிரணி ஆள் சொன்னான், ஈரக் கயிறு அறுந்தமாதிரி இருந்ததாம். பிறகு பெனால்டி உதையில் நாம் தோற்றுக் கோப்பை மலையாளக் கரைக்குப் போனதை இன்றைக்கு ஒருவரும் நினைவு வைத்திருக்கவில்லை. சூசையிடம் கேட்டால் ஜெயித்தோம் என்பார்.

"அருமையான தடுப்பு, கோல்கீப்பர் பறந்து தடுக்கிறார், கைதட்டுங்கள்" என்று குழாய் சொல்ல, கூட்டம் கைதட்டியது. பதினெட்டு நிமிஷம் இருக்கிறது. கல்கத்தா கடிதம் என்ன ஆனது? அவன் அம்மா மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள் என்று கேள்வி. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் முட்டைக் கிழித்துத் தைத்தார்கள், பிறகு இன்னொருமுறை கிழித்தார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன. பந்துதான் போயிற்று, கடலாவது மிச்சமிருக்கிறதே என்று நினைத்தால், அலையில் வள்ளம் ஆடும்போது அந்த முட்டு நிற்கவில்லை, மடங்கியது. இரண்டுதரம் தண்ணீரில் விழுந்தான். மூன்றாவது தடவை யாரும் அவனை ஏற்றவில்லை. பெண்டாட்டி ஊருக்குப் போய் மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து, மற்றவர்களின் கிழிந்த வலையைப் பொத்திக் கொடுக்கிறான். ஒருதரம் பஸ் அந்தச் சாலையில் நின்றபோது கிளீட்டஸ் பார்த்தார். குனிந்து ஊசி கோத்துக்கொண்டிருந்தான். பஸ் மறுபடி நகர்கிறவரை கிளீட்டஸ் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார், அது தலைகீழாக இருந்தது.

கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சொல்லிப் பார்த்தார். பொய் சொன்னேன், கோபப்பட்டேன், நோன்பு நாளில் இறைச்சி தின்றேன் என்று சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் இதைச் சொல்லப் போனால் வார்த்தை வரவில்லை. பத்துக் கட்டளையில் இது எந்தக் கட்டளை? கொலை இல்லை, களவு இல்லை. ஒருவருஷம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொல்லியும்விட்டார். புதிதாக வந்த சாமியார் கூண்டின் கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து, "அது வெளயாட்டுல்லா கிளீட்டஸ், அதுல பாவம் ஏது? நானும் கேள்விப்பட்டிருக்கேன் அந்தக் கோல" என்றார். குரலில் ஒரு சந்தோஷம். பரிகாரமாக மூன்று அருள்நிறைந்த மந்திரம்கூடக் கொடுக்கவில்லை. மன்னிப்பு கிடைக்காததைவிட, மன்னிக்க ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பியது மோசம். அதற்குப் பிறகு சீட்டு இல்லாமல் எதையும் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டார். வீட்டுவரி அறிவிப்பானாலும் காணாமல்போன ஆடானாலும் தாளில் எழுதிக் கொடு என்பார். புயல் வருஷத்தில் கரைதிரும்பாதவர்களின் பெயரைக் கோயில் மைக்கில் வாசிக்கும்போதும் ஒவ்வொரு பெயருக்கும் சீட்டுக் கேட்டார். ஜனங்கள் அழுதுகொண்டே எழுதிக் கொடுத்தார்கள். கல்நெஞ்சன் என்று ஒரு பெண் மண்ணை வாரி எறிந்தாள். அவளிடம் எப்படிச் சொல்வது, தாயே, நான் சும்மா ஒருத்தன் பெயரைச் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது என்று.

தலையாட்டினான். இல்லை. ஆட்டினான், ஆட்டாமலா. ஆட்டினால் என்ன, ஆட்டாவிட்டால் என்ன என்று சில நாள் காலையில் தோன்றும், மத்தியானத்துக்குள் மறுபடி ஆரம்பித்துவிடும். இன்றைக்குக் கேட்டுவிடலாம். கேட்டால் சொல்லிவிடுவான். சொல்லிவிட்டால் பிறகு என்ன செய்வது? இருபத்தெட்டு வருஷமாகப் பிடித்துக்கொண்டு நின்ற கயிறு அது ஒன்றுதான், அதை அவன் கையிலேயே கொடுத்து அறுக்கச் சொல்வதா. கேட்காமல் இருந்துவிடலாம். பொன்னாடை போட்டதும் இரண்டு வார்த்தை, வணக்கம், வண்டி. நடுவர் விசில் ஊதினார். "இடைவேளை" என்று கிளீட்டஸின் வாய் சொன்னது, எந்த நடுக்கமும் இல்லாமல். மேற்கு வேலி இடைவெளி வழியாக, அன்றைக்குக் கூட்டம் கலைந்த அதே வழியாக, ஒரு வெள்ளைச் சட்டை ஏறி இறங்கி ஏறி இறங்கி வந்தது.

ஜெஸ்துஸ் அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கிளீட்டஸின் பக்கத்து நாற்காலியிலேயே உட்காரவைத்துவிட்டு, பொன்னாடை எங்கே என்று தேடப் போனான். தலை பாதி நரைத்திருந்தது. விரல்களில் நைலான் நூல் அறுத்த கோடுகள். இடது காலை மடக்க முடியாமல் மேசைக்கு அடியில் நீட்டிக்கொண்டான், அது கிளீட்டஸின் காலில் இடித்தது. இரண்டுபேரும் இழுத்துக்கொள்ளவில்லை.

"சொகமா இருக்கியளா அண்ணே?" என்றான்.

கிளீட்டஸ் மைக்கின் சுவிட்சை அணைத்தார். அணைந்ததா என்று ஒருதரம் ஊதிப் பார்த்தார். கேட்கக் கூடாது என்று முடிவுசெய்து வைத்திருந்த வாய் தன்பாட்டுக்குக் கேட்டது. "றொமால்டு, அன்னைக்கு நான் ஒன்னப் பாத்தேம்லா? பேரு சொல்லதுக்கு முன்ன. நீ தலையாட்டினியா?"

அவன் புரியாமல் பார்த்தான். பிறகு நிதானமாக யோசித்தான். பொய் சொல்லி ஆறுதல் கொடுக்கவேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. "நான் எங்க அண்ணே ஒங்களப் பாத்தேன்? குனிஞ்சுல்லா இருந்தேன். ஐஸ் வச்ச துணி அவுந்துபோச்சு, அதக் கெட்டிட்டு இருந்தேன். பேரு கேட்டுல்லா நிமிந்தேன்."

குனிந்திருந்தான். குனிந்திருந்தால் முகமே தெரிந்திருக்காது. நெற்றியும் முடியும் தாடையும் எல்லாம் இவர் செய்தது. காலையிலிருந்து பயந்த பயம் இப்போது இல்லை, அது இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது.

"சீட்டு வரல்லேன்னு எனக்குத் தெரியும் அண்ணே" என்றான் றொமால்டு. "சார் பேனாவே எடுக்கல்ல, நான் பக்கத்துலதான இருந்தேன்."

"ஒரு நாளும் ஒருத்தங்கிட்டயும் சொல்லல்லியே நீ."

"கோவம் இருந்துது. அஞ்சாறு வருசம் ஒங்கள வெட்டணும்னே இருந்துது. பொறவு அதும் போச்சு." அவன் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அங்க அவளுக்க ஊர்ல என்ன நொண்டின்னுதான் கூப்பிடுவினும். பிள்ளையளுக்க பள்ளிக்கூடத்துலகூட நொண்டிக்க மொவன். வல பொத்தம்ப காதுல ஒரு சத்தம் கேக்கும் அண்ணே, நீங்க கூப்பிட்ட சத்தம். அப்டி எம்பேர ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. எனக்கு வேற என்ன இருக்கு, அந்தப் பதினோரு நிமிசத்த விட்டா?" கிளீட்டஸின் மணிக்கட்டை அந்த நூல் அறுத்த விரல்கள் பிடித்தன. "இன்னொருக்கக் கூப்பிடுங்க. அதே மாதிரி. அதுக்குத்தான் வந்தேன்."

ஜெஸ்துஸ் இரண்டு பொன்னாடையோடு வந்தான், ஒன்று றொமால்டுக்கு, ஒன்று பங்குச் சாமியாருக்கு. சாமியார் வரவில்லை. பந்தை நடுவட்டத்தில் வைத்தாயிற்று, றொமால்டு அண்ணன் போய்த் தட்டித்தான் இரண்டாம் பகுதியைத் தொடங்கவேண்டும் என்றான். அவன் தோளில் பொன்னாடை ஏறியது, எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். "சொல்லுங்க அண்ணே" என்று ஜெஸ்துஸ் மைக்கை இவர் வாய்க்கு நேரே தள்ளினான். கிளீட்டஸ் சுவிட்சைப் போட்டார். ஒரு கீச்சொலி தென்னைகளைச் சுற்றி வந்தது. இன்றைக்கில்லாவிட்டால் என்றைக்கு. குரல் நடுங்கவில்லை, பாழாய்ப்போன குரல்.

"ஒரு விசயம் சொல்லணும்" என்றார். மைக்கில் முதல்முறையாக அவர் வீட்டுப் பேச்சு வந்தது. "இவன் அழல்ல. எறக்குங்கன்னு கேக்கவுமில்ல. லாசர் சார் இவன எறக்கவுமில்ல. அன்னைக்குச் சீட்டு வரல்ல. கூட்டம் போவுதேன்னு நாந்தான் பேரு சொன்னேன். நான் பேரு சொல்லலேன்னா இவன் எறங்கியிருக்க மாட்டான். நாந்தான்."

குழாய் நான்கும் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு அடங்கின. அலைச் சத்தம் கேட்டது. கிளீட்டஸ் தலையைக் குனிந்து நின்றார். கல் வரும் என்று நினைத்தார், காறித் துப்புவார்கள் என்று நினைத்தார். வரட்டும் என்றிருந்தது. வந்தது கைதட்டல். முதலில் கயிற்றோரம், பிறகு கோல் கம்பத்துக்குப் பின்னால், பிறகு மைதானம் முழுக்க, எழுந்து நின்று தட்டினார்கள், விசிலடித்தார்கள். சூசை கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே ஓடிவந்தார், கண்ணில் தண்ணீர். "எண்ணே, அப்பம் ஒங்களாலயா அந்தக் கோல நாங்க பாத்தோம்! இவ்வளவு வருசமும் ஒரு வார்த்த சொல்லாம இருந்துட்டியளே, என்ன மனுசன்வே நீரு!" சாமியாருக்கு வைத்திருந்த பொன்னாடையை ஜெஸ்துஸின் கையிலிருந்து பிடுங்கிக் கிளீட்டஸின் தோளில் போர்த்தினார். அதன் ஜரிகை கழுத்தில் குத்தியது. இல்லை, நான் சொன்னது அதில்லை என்று சொல்ல வாயெடுத்தார், யார் கேட்கிறார்கள். கூப்பிடு, கூப்பிடு என்று கூட்டம் தாளம்போட்டது. அன்றைக்குப் பிறந்தேயிராத பிள்ளைகளெல்லாம் கத்தினார்கள். றொமால்டு இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், கையேந்தி நிற்கிறவன் பார்க்கிறமாதிரி. பார்க்கச் சகிக்கவில்லை.

இந்தமுறை குரல் வராது என்று கிளீட்டஸ் நம்பினார். அந்த ஒரு இரக்கமாவது கடவுளுக்கு இருக்கும் என்று நம்பினார். வாயைத் திறந்தார். "ஒன்பதாம் நம்பர்" என்று வந்தது, "நம் ஊரின் தங்கம்" என்று வந்தது, முப்பது வயதுக் குரல், ஒரு பிசிறு இல்லாமல், "அடிபட்ட புலி, றொ…மால்டு!" என்று தென்னைகளைத் தாண்டிக் கடல்வரைக்கும் போனது. கூட்டம் அதைத் திருப்பிக் கூப்பிட்டது. றொமால்டின் முகம் ஒரு நொடி பிளெக்ஸில் இருக்கிற முகமாகியது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, செருப்பைக் கழற்றினான், வலது காலில் முதலில்.